அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்கு மாற்றலாகும்போது சொந்தத் துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோகலாமா?

ராணுவம் கொடுக்கும் துப்பாக்கி வேறு, சம்பளக் காசில் நாமே வாங்கிய துப்பாக்கி வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வாகனப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டெக்சாஸிலிருந்து ஜெர்மனியில் பவேரியா பக்கம் உள்ள வில்செக்குக்கு மாற்றலாகி, மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். போகும்போது என்னிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, ஒரு மான்வேட்டை ரைஃபிள். டெக்சாஸில் இதெல்லாம் வாங்குவது சுலபம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு முதல் தடவை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கேள்விக்கு நேர் பதில்: சில நாடுகளுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அதை முடிவு செய்வது பெரும்பாலும் போய் இறங்கும் நாடு. 'தளத்துக்குள் அமெரிக்கச் சட்டம்தானே, அவர்கள் என்ன செய்துவிட முடியும்' என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். தளம் இருப்பது அந்த நாட்டு மண். ஜப்பானில் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. தென்கொரியாவில் வேட்டைத் துப்பாக்கியையே போலீஸ் நிலையத்தில்தான் வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 1996இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுசாகத் தடை செய்துவிட்டார்கள். லேக்கன்ஹீத் விமானத் தளத்துக்குப் போகிறவர் டெக்சாஸ் பழக்கத்தை டெக்சாஸிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

ஜெர்மனி கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'எதற்கு?' என்று கேட்பார்கள். 'என் பாதுகாப்புக்கு' என்றால் எடுபடாது. வேட்டைக்காரர், குறி சுடும் சங்கத்தில் இருப்பவர் என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அதற்கு வாஃபன்பெசிட்ஸ்கார்ட்டே என்று ஒரு அட்டை உண்டு. இருக்கிற ஒவ்வொரு துப்பாக்கியும் அதில் ஏறும். வீட்டில் வைத்திருந்தால், வெறும் பீரோ போதாது. 2017லிருந்து புதிதாக வாங்குபவர்களுக்குத் தரம் 0 என்று சான்று பெற்ற இரும்புப் பெட்டகம் வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாரி வந்து கதவைத் தட்டிப் பார்க்கவும் செய்யலாம். இன்னொன்று, அங்கே விற்கும் துப்பாக்கிகளை உல்ம் போன்ற ஊர்களில் உள்ள சோதனைக்கூடத்தில் அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். இந்த முத்திரையை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் சர்வதேச ஏற்பாடு ஒன்று உண்டு, அதில் அமெரிக்கா இல்லாததால், அமெரிக்கத் துப்பாக்கிகளில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது.

இதையெல்லாம் கேட்டதும் இரண்டையும் விட்டுவிட்டே போவது என்று முடிவு செய்தேன். யாரிடம் விடுவது என்பதில்தான் வம்பு. நியூஜெர்சியில் இருக்கும் மச்சான், 'எங்க வீட்டு பேஸ்மென்ட்ல போட்டுட்டுப் போங்க மாமா' என்றான். பாசம்தான், ஆனால் வில்லங்கம். வேறு மாநிலத்துக்காரர் கையில் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுக்க மத்தியச் சட்டம் விடாது, லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும். நியூஜெர்சியின் சொந்தக் கெடுபிடி வேறு. கடைசியில் டெக்சாஸில் நான் இருந்த ஊரிலேயே இருந்த நண்பர் வீட்டில், பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜெர்மனி போன பிறகுதான் கதை ருசியானது. ராணுவத்தினருக்காக ஆங்கிலத்திலேயே நடக்கும் வேட்டைப் பயிற்சியில் சேர்ந்தேன். ஜெர்மானியர்கள் இந்த வேட்டைத் தேர்வை வேடிக்கையாகப் 'பச்சை பிளஸ் டூ' என்பார்கள். விலங்கு, பறவை, மரம், நாய், நோய், சட்டம், இறைச்சிச் சுத்தம் என்று படித்து மாளாது. சுடுவது அதில் ஒரு மூலை. பாஸ் செய்து உரிமம் கிடைத்ததும் பழைய ரைஃபிள் ஒன்று வாங்கினேன், பாயிண்ட் 308. மரத்தில் கட்டிய பரண் மேல் குளிரில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்காகக் காத்திருந்த இரவுகள் பல. விலங்கு விழுந்ததும் அதன் வாயில் ஒரு சிறு கிளையை வைத்து, கடைசிக் கவளம் என்று மரியாதை செய்வார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது, எங்கள் தாத்தா வாய்க்கரிசி வாங்கிய நாள் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது அந்த ரைஃபிளைக் கொண்டுவர வேண்டும். ஏடிஎஃப் என்ற துப்பாக்கித் துறையிடம் படிவம் 6, பகுதி 2 போட்டு, அனுமதி வாங்கிய பிறகே சாமான் கட்டலாம். பகுதி 2 ராணுவத்தினருக்கு என்றே உள்ளது. வேட்டை, விளையாட்டுக்கு ஏற்ற துப்பாக்கி என்றால்தான் அனுமதிப்பார்கள். இதுவே அமெரிக்காவிலிருந்து எடுத்துப்போனதைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்றால் இந்த அனுமதி வேண்டாம், ஆனால் அது முன்பு இங்கே இருந்ததுதான் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் புறப்படும் முன்பே சுங்க அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி, 4457 என்ற ஒற்றைத் தாளில் வரிசை எண்ணை எழுதி முத்திரை வாங்குவது. காசில்லாத தாள். இதை அலட்சியம் செய்துவிட்டு, மூன்று வருடம் கழித்துக் கடை ரசீதைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சாமான் கட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். துப்பாக்கி வீட்டுச் சாமான்களோடுதான் போகும். தோட்டா ஒன்றுகூடப் போகக் கூடாது, சட்டைப் பையில் மறந்துபோனதும் சேர்த்து. தயாரிப்பு, மாடல், காலிபர், வரிசை எண் நான்கும் பட்டியலில் ஏற வேண்டும். சுங்கத்தார் திறந்து பார்க்க வசதியாக 1ஆம் எண் பெட்டியில், கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குச் சாமான் கட்ட வந்தவர் 'விளையாட்டுப் பொருள்' என்று ஒரே வரியில் எழுதி, 4ஆம் பெட்டியில் கிரைண்டருக்கு அடியில் வைத்து ஆணியும் அடித்துவிட்டார். பிரிக்கச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. காபி போட்டுக் கொடுத்து, வரிசை எண்ணை நானே சத்தமாக வாசித்து எழுத வைத்தேன். ஒரு எண் மாறினாலும் அனுமதித் தாளில் இருப்பது வேறு துப்பாக்கி ஆகிவிடும்.

இப்போது ஹவாய்க்கு உத்தரவு வந்திருக்கிறது. அது அமெரிக்காவேதான், சுங்கம் கிடையாது. ஆனாலும் ஆளோ துப்பாக்கியோ எது பின்னால் வந்து சேர்கிறதோ, அதிலிருந்து 5 நாளுக்குள் போலீஸில் பதிய வேண்டும். இரும்புப் பெட்டியைத் திறந்து வரிசை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'கிரைண்டர் இந்தத் தடவை எந்தப் பெட்டி?' என்று வீட்டில் கேட்கிறார்கள்.