உதைபந்து கேள்வி – பதில்: ஓஃப் சைட் கோட்டை நகர்த்தினால் சண்டை தீருமா?

வெள்ளவத்தை வாசகர்: முன்கள வீரரின் பெருவிரலும் தோளும் நீட்டியதற்காக நல்ல கோல்களை எல்லாம் கழிக்கிறார்கள். ஆர்சனலின் முன்னாள் பயிற்றுநர் ஆர்சென் வெங்கர் சொல்லும் மாற்றம் வந்தால் இது நிற்குமா?

பதில்: நிற்காது. இன்றைய 11ஆம் விதிப்படி, சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில் எதிரணியின் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிரணி வீரரையும் தாண்டி, தலை, உடல், கால் எதில் கொஞ்சம் கோல் கோட்டுப் பக்கம் நீட்டியிருந்தாலும் அது ஓஃப் சைட் நிலை. கை கணக்கில் வராது. அக்குளின் அடிமட்டத்தோடு தோள் முடிகிறது. வெங்கர் 2020இல் முன்வைத்த யோசனை இதைத் திருப்பிப் போடுகிறது. கோல் அடிக்கக்கூடிய ஏதாவது ஓர் உறுப்பு அந்தப் பின்கள வீரருக்குச் சமமாக இருந்தாலே போதும். இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால்தான் ஓஃப் சைட். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இன்று முன்னங்கால் பெருவிரலை அளப்பவர்கள் அன்று பின்னங்கால் குதியை அளப்பார்கள்.

அளவுதான் உண்மையான சிக்கல். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர் செக்கனுக்கு 8.3 மீற்றர் போகிறார். செக்கனுக்கு 50 படம் பிடிக்கும் கமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் கிட்டத்தட்ட 17 சென்டிமீற்றர் நகர்ந்துவிடுவார். பின்கள வீரர் அதே வேகத்தில் எதிர்த்திசையில் ஏறினால் இடைவெளி 33 சென்டிமீற்றர் மாறும். பந்து காலில் பட்டது எந்தப் படத்தில் என்பதில் ஒரு படம் பிசகினால் தீர்ப்பே பிசகும். 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் பந்துக்குள் வைத்த உணரி செக்கனுக்கு 500 தரம் தகவல் அனுப்பியதால் உதைத்த கணம் துல்லியமானது. ஆனால் 12 கமராக்கள் வீரர்களின் உடலில் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தது செக்கனுக்கு 50 தரம்தான்.

ஆகவே விதியைத் தொடாமல், அளவுப் பிழைக்கு இடம் விடுவதே சரி என்பது எங்கள் கருத்து. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021-22 பருவத்தில், காணொளி மீளாய்வில் இரு வீரர்களுக்கும் வரையும் கோடுகளைத் தடிப்பாக்கி, இரண்டும் ஒட்டினால் ஓஃப் சைட் இல்லை என்றது. அதுவும் ஓர் எல்லைதான். ஆனால் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் கோலைப் பறிக்காத எல்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: முன்பு விதியைத் தளர்த்தியபோது கோல்கள் கூடினவா?

பதில்: கூடின. 1866 முதல் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் 3 பேர் வேண்டும் என்றிருந்ததை 1925இல் 2 ஆக்கினார்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவில் 462 போட்டிகளில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆயின. உடனே பயிற்றுநர்களும் விழித்துக்கொண்டார்கள். ஆர்சனலின் ஹேர்பர்ட் சப்மன் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கினார். வெங்கரின் விதி வந்தாலும் இதுதான் நடக்கும். முழுவேகத்தில் ஓடுபவரின் பின்னங்கால் முன்னுடலுக்கு வெகு பின்னால் கிடக்கும். அவ்வளவு முன்னிலையை இனாமாகக் கொடுக்க எந்தப் பின்களமும் உயர நிற்காது, பெனால்ட்டிப் பெட்டிக்குள் இறங்கிவிடும்.

மட்டக்குளி வாசகர்: கமரா இல்லாத மைதானங்களில் உதவி மத்தியஸ்தராகக் கொடி பிடிக்கிறேன். சமமாக நிற்பவருக்கும் கொடி உயர்த்திவிடுகிறேன். எங்கே பிழை?

பதில்: பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடத்தில். கோல் பக்கமாக 1 மீற்றர் முந்தி நிற்கிறீர்கள் என்று வைப்போம். பின்கள வீரர் உங்களிலிருந்து 30 மீற்றரில், முன்கள வீரர் 40 மீற்றரில், இருவரும் சமம். உங்கள் பார்வைக்கோடு பின்கள வீரரைத் தாண்டியதும் நடுக்கோட்டுப் பக்கம் சரிகிறது. அதனால் முன்கள வீரர் 33 சென்டிமீற்றர் முந்தி நிற்பதாகத் தெரிவார். அவரே உங்களுக்குக் கிட்ட, 20 மீற்றரில் நின்றால் பிழை தலைகீழாகும்: 30 சென்டிமீற்றர் ஓஃப் சைட்டில் நிற்பவரும் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுவார்.

எப்போதும் கடைசிக்கு முந்தைய வீரருக்கு நேரே நில்லுங்கள். பந்து அவரைத் தாண்டிவிட்டால் பந்துக்கு நேரே. மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் கால் வைத்து நகருங்கள். உதைப்பவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பும் நேரத்துக்குள் முன்கள வீரர் ஓடிவிடுவார், அதனால் கண் கோட்டில் இருக்கட்டும், உதைக்கும் சத்தத்தைக் காதால் பிடியுங்கள். அவர் ஆட்டத்தில் சேரும்வரை பொறுங்கள். சந்தேகமா, கொடியை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் நேராக உயர்த்தி, மத்தியஸ்தர் விசிலடித்த பிறகு இடத்தைக் காட்டுங்கள்: தூரப் பக்கத்துக்கு மேல்நோக்கி, நடுவுக்குக் கிடையாக, கிட்டப் பக்கத்துக்குக் கீழ்நோக்கி.

வத்தளை வாசகர்: எதிரணி வீரரின் காலில் பந்து பட்டால் ஓஃப் சைட் அற்றுப்போகுமா?

பதில்: பட்டால் மட்டும் போகாது, அவர் வேண்டுமென்றே ஆடியிருக்க வேண்டும். 2021 ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயினின் எரிக் கார்சியா நீட்டிய காலில் பந்து பட, பிரான்ஸின் எம்பாப்பே அடித்த கோலை அனுமதித்தார்கள். அந்தச் சர்ச்சைக்குப் பின் 2022இல் விளக்கம் தந்தார்கள்: பந்தைக் கட்டுப்படுத்த அவருக்கு நேரமும் உடல் நிலையும் இருந்ததா என்று பார்க்க வேண்டும். எட்டி நீட்டிய காலில் உரசிப்போன பந்துக்கு இன்று கொடி உயரும்.