அடுக்கும் காய்களை வைத்துப் பலகை விளையாட்டு செய்கிறோம்: ஆறு காய்க்கு மேல் சரிகிறது, ஆட்டமும் ஒருபக்கமாகவே போகிறது. எதை மாற்றுவது?

கேள்வி கீழக்கரையிலிருந்து. 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்காக, வள்ளத்தில் மீன்பெட்டி ஏற்றுவதுபோல ஓர் ஆட்டம். 6×6 கட்டம், ஆளுக்கு 12 மரக்காய். எதிராளியின் காய்மேல் ஏறலாம். மேலே இருப்பது யார் காயோ, அடுக்கு அவருடையது. எந்த அடுக்கும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம். கடைசியில் உயரமான அடுக்கு வைத்திருப்பவருக்கு வெற்றி. காய் 25 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன்.

உங்கள் ஆட்டத்தில் உயரம் சும்மா கிடைக்கிறது. ஏற ஏற லாபம், நட்டமே இல்லை. அதனால் முதலில் மூன்று காய் ஏற்றியவரை யாராலும் பிடிக்க முடியாது. அடுக்கு ஆட்டத்தில் உயரத்துக்கு ஒரு விலை வைத்தே ஆக வேண்டும். கோபுரத்திலிருந்து கட்டையை உருவி மேலே வைக்கும் ஜெங்காவில் அந்த விலை, விழுந்துவிடுமோ என்ற பயம். ஃபோகஸ், டுவான் போன்ற பலகை ஆட்டங்களில் அந்த விலை, உயர்ந்த அடுக்கு நகர இடமில்லாமல் திணறுவது. உங்களுடையது இந்த இரண்டாவது வகை. இதில் காய் சரிவது சுவாரசியமே இல்லை, வெறும் தொல்லை. எது எதன் அடியில் இருந்தது என்ற கணக்கே போய்விடும்.

முதலில் விதி. அடுக்கில் எத்தனை காயோ, சரியாக அத்தனை கட்டம் மட்டுமே போக வேண்டும். முன்பின்னாக அல்லது பக்கவாட்டில், மூலைவாட்டில் கூடாது. இந்த ஒரே மாற்றம் 6×6 பலகையில் என்ன செய்கிறது என்று போட்டுப் பாருங்கள். மூன்று உயர அடுக்கு எங்கிருந்தாலும் பலகைக்குள் நகரும். நாலு உயர அடுக்கு நடுவிலுள்ள நாலு கட்டங்களில் நின்றால் அசையாது. ஐந்து உயர அடுக்கு ஓரக் கட்டங்களிலிருந்து மட்டுமே நகரும், அதுவும் எதிர் ஓரத்துக்குத்தான். அதாவது பலகையின் அளவே உயரத்துக்குக் கடிவாளம். பலகையை 8×8 ஆக்கினால் கடிவாளம் தளர்ந்துவிடும். கட்டம் கூட்டும் ஆசை வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது உச்சவரம்பு. அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் சிட் சாக்சன் 1960-களில் அமைத்த ஃபோகஸில் ஐந்துக்கு மேல் போனால் அடியிலிருக்கும் மிச்சம் வெளியே வரும். அது நகர்த்தியவருடையது என்றால் அவர் கைக்குப் போய், பிறகு எந்தக் கட்டத்திலும் இறங்கும். எதிராளியுடையது என்றால் பிடிபட்டது. மேலிருந்து கீழாக வெள்ளை, கறுப்பு, கறுப்பு என்றுள்ள அடுக்கு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை என்ற அடுக்கின்மேல் ஏறுகிறது என்று வையுங்கள். ஆறு ஆகிவிட்டது, அடியிலுள்ள வெள்ளை வெளியே வந்து வெள்ளைக்காரர் கைக்குப் போகும். இப்படியொரு வடிகால் இல்லாத ஆட்டத்தில் அடியில் புதைந்த காய் புதைந்ததுதான், பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். சதுரங்க உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் 1911-இல் வெளியிட்ட லாஸ்கா என்ற அடுக்கு ஆட்டத்தில் வேறு வழி: தாண்டும்போது எதிர் அடுக்கின் மேல்காய் மட்டும் பிடிபட்டு, பிடித்தவரின் அடுக்குக்கு அடியில் போகும், அதற்குக் கீழே இருந்த காய் வெளிச்சத்துக்கு வரும். அழகான ஏற்பாடு, ஆனால் புதியவர்களுக்கு ஃபோகஸ் வழி சீக்கிரம் பிடிபடும்.

‘உயரமான அடுக்குக்கு வெற்றி’ என்பதை எடுத்துவிடுங்கள். நகர்த்தவும் இறக்கவும் காய் இல்லாதவர் தோற்றார் என்று வைத்தால் போதும்.

இனி காய். ஆசாரியிடம் போகும் முன் கேரம் காயில் ஆடிப் பாருங்கள். முறைப்படியான கேரம் காய் 30.2 முதல் 31.8 மி.மீ. விட்டம், 7 முதல் 9 மி.மீ. தடிமன்; இரண்டு செட் வாங்கினால் கறுப்பு 18, வெள்ளை 18. கட்டத்தைச் சார்ட் அட்டையில் 45 மி.மீ. அளவில் போடுங்கள். பக்கத்து அடுக்கைத் தட்டாமல் விரல் நுழைய அந்த இடைவெளி வேண்டும். கேரம் பவுடர் பட்ட பழைய காய் வேண்டாம், வழுக்கும்.

உங்கள் மரக்காய் ஏன் சரிகிறது? பெரும்பாலும் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இல்லாததால்தான். ஒரு காயில் ஒரு பக்கம் அரை மி.மீ. கூடுதலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஆறு காய் ஒரே பக்கம் பார்த்து அமர்ந்தால் மேல்முகம் 25 மி.மீ. அகலத்துக்குள் 3 மி.மீ. ஏறி இறங்கும், ஏழாவது காயைச் சரிவில்தான் வைக்கிறீர்கள். அகலத்தைக் கூட்டித் தடிமனைக் குறையுங்கள்: 30-க்கு 8. ஐந்து அடுக்கினாலும் 40 மி.மீ.தான்.

பலகையிலிருந்து வட்டம் வெட்டாமல், 30 மி.மீ. உருளையாகக் கடைந்து துண்டு போடச் சொல்லுங்கள். மரம் ஈரக்காற்றில் நார்க்குக் குறுக்கேதான் ஊதும், நாரின் நீளவாட்டில் அநேகமாக ஊதாது. உருளைத் துண்டில் தடிமன் நாரோடு போவதால் மட்டம் மாறாது. வட்டம் கொஞ்சம் கோணும், அதனால் கெடுதல் இல்லை. ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டுக்கட்டை அடித்து அளவை நிறுத்தினால் எல்லாத் துண்டும் ஒன்றுபோல வரும். பிறகு கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, முதலில் 180 நம்பர், அடுத்து 320 நம்பர் தாளில், காயைக் கால் சுற்று திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். வெர்னியரில் நாலு இடம் அளந்து 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் கழித்துவிடலாம். 24 வேண்டுமென்றால் 30 வெட்டுங்கள். பெயிண்ட் விளிம்புக்கு மட்டும். அடுக்கின் நிறத்தைப் பக்கத்திலிருந்துதானே படிக்கிறோம். முகத்தில் வார்னிஷ் அடித்தால் புழுக்கத்தில் காயோடு காய் ஒட்டும்.

பனை நம் ஊரில் கைக்கெட்டிய மரம்தான், ஆனால் இதற்கு ஆகாது. வெளிப்புறம் வைரம், உள்ளே மென்மை. இரண்டும் கலந்த துண்டு ஒரு பக்கம் கனக்கும், சிராம்பும் ஏறும். நன்றாகக் காய்ந்த வேம்பு போதும்.

ஒருவேளை சரிந்து விழும் கோபுரம்தான் வேண்டும் என்றால் மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாக்க வேண்டும். ஜெங்காவில் 54 கட்டை, மூன்று மூன்றாக 18 வரிசை, ஒன்று 1.5 × 2.5 × 7.5 செ.மீ. அங்கே எல்லாக் கட்டையும் துல்லியமாக ஒரே தடிமன் என்றால் எல்லாமே பாரம் தாங்கும், எதையும் உருவ முடியாது. முடியிழை அளவு வித்தியாசம் இருப்பதால்தான் சில கட்டைகள் தளர்வாக நிற்கின்றன. வள்ளத்துக்கு வெளியே பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஆட்டம் என்றால் இந்தக் கணக்கு உதவும்: 72 மி.மீ. நீளக் கட்டைகளில், தனக்குக் கீழே இருப்பதைத் தாண்டி, மேலுள்ளது 36, அடுத்தது 18, பிறகு 12, பிறகு 9 மி.மீ. என நீட்டலாம். நாலு கட்டையில் மொத்தம் 75, அதாவது மேல்கட்டை முழுசாக விளிம்புக்கு வெளியே. இது விழும் எல்லை; ஆட்டத்துக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் நாளில் கடற்கரையில் கோபுரம் நிற்காது. காற்று தள்ளிய சரிவு யார் கணக்கிலும் சேராது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் சண்டைதான் மிச்சம். அரை மி.மீ. மணல் ஒன்று இடையில் சிக்கினாலே நீங்கள் தேய்த்த தேய்ப்பெல்லாம் வீண். காய்களைத் துணிப்பையில் போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பா நல்லது.

அழகுக்கு என்று கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்டது.

ஆடவிட்டுப் பார்க்கும்போது மூன்றை மட்டும் குறியுங்கள்: முதலில் ஆடியவர் எத்தனை முறை ஜெயித்தார், ஐந்து உயர அடுக்கு எத்தனை முறை வந்தது, நகர முடியாமல் எத்தனை முறை ஒருவர் தவித்தார். பத்து ஆட்டத்தில் ஐந்து உயரம் வரவே இல்லை என்றால் உச்சவரம்பை நாலாக்குங்கள்.