வேரைப் பாத்தீங்களா?

ஆகஸ்ட் மாசம் பெங்களூர் லால்பாக் ஃப்ளவர் ஷோ முடிஞ்சா போதும், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வழக்கமா ஃப்ரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின்னு வர்ற புகார்க் கடுதாசியெல்லாம் ஒதுங்கிக்கும், ரெண்டு வாரத்துக்கு செடி, செடி, செடிதான். சரி, இந்த தடவை செடி மட்டும். எல்லாத்தையும் வெட்டி சுருக்கித்தான் போட்டிருக்கேன், உங்க மாமியார் என்ன சொன்னாங்கங்கறதை எல்லாம் எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ஆன்லைன்ல நீல ரோஜா விதை, 50 விதை 199 ரூபாய்னு வாங்கினேன் அக்கா. ஒண்ணு கூட முளைக்கல. விதைக்கிறதுல நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? (வாசகி, அல்சூர்)

பதில்: வாங்கினதுதாம்மா தப்பு. ரோஜாவுக்கு நீலம் குடுக்கற நிறமியே இயற்கையில கிடையாது. ஜப்பான்ல வருஷக்கணக்கா லேப்ல உக்காந்து வேற பூவோட ஜீனை நுழைச்சு 2009-ல ஒண்ணு விற்பனைக்கு விட்டாங்க, அதுவே ஊதாவாட்டம்தான் இருக்கு. 199 ரூபாய்க்கு உங்களுக்கு எங்கிருந்து வரும்? சிரிக்கல, ஏன்னா நானும் இதே மாதிரி வாங்கியிருக்கேன். எனக்கு முளைச்சுது. தினமும் காலையில காபியோட போய் பாத்து பாத்து வளத்தேன், நாலாவது வாரம் எங்க வீட்ல வேலை செய்யற அம்மா பாத்துட்டு "என்னம்மா கடுகுச் செடிக்கு இவ்ளோ பெரிய தொட்டி"ன்னு கேட்டாங்க.

கேள்வி: தெருவுல தள்ளுவண்டியில வந்த ஆள்கிட்ட பூவும் மொட்டுமா ரெண்டு ரோஜா 300 ரூபாய். அஞ்சாவது நாள் வாடுச்சு, இழுத்துப் பாத்தா வேரே இல்ல, வெறும் குச்சி. ஆளை எங்க தேடறது? (ஆஸ்டின் டவுன்)

பதில்: தேடாதீங்க, கிடைக்க மாட்டார். அடுத்த தடவை காசு குடுக்கறதுக்கு முன்னாடி தண்டைப் பிடிச்சு லேசா, ரொம்ப லேசா மேல தூக்கிப் பாருங்க. மண்ணு சேந்து வந்தா செடி, குச்சி மட்டும் வந்தா பொக்கே.

கேள்வி: நர்சரியில மல்லி, செம்பருத்தி எல்லாம் சேத்து 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லுல செடிக்கு தனியா 18% ஜிஎஸ்டி போட்டிருக்காங்க. சரியா? (மல்லேஸ்வரம்)

பதில்: உயிரோட இருக்கற செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. தொட்டிக்கு, உரத்துக்கு அதது கணக்கு வேற. பில்லை எடுத்துட்டுப் போய் காசைத் திருப்பி வாங்குங்க, குடுக்கலன்னா 1915-க்கு போன் பண்ணுங்க, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம்.

கேள்வி: சித்தாபுரம் பக்கம் ஒரு நர்சரியில ரோஜா வாங்கினேன், அங்க இருக்கும்போது 12 பூ. வீட்ல நல்ல மண்ணு, எரு எல்லாம் போட்டு அன்னிக்கே பெரிய தொட்டிக்கு மாத்தினேன், தினமும் தண்ணி. 20 நாள்ல கறுத்துப் போச்சு. வியாதி பிடிச்ச செடியைத் தலையில கட்டிட்டாங்களா? (வாசகர், பி.டி.எம்.)

பதில்: இல்ல சார். இது வருஷா வருஷம் வர்ற கேள்வி, வருஷா வருஷம் இதையேதான் சொல்றேன், ஆனாலும் இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி. எங்க சின்ன மாமனார் இருபது வருஷம் குட்டியா ஒரு நர்சரி வச்சிருந்தார், பத்தடிக்கு முப்பதடி, மேல பச்சை ஷேட் நெட், அதுல கிழிசல் வேற. அங்க உக்காந்துதான் நான் இதைக் கத்துக்கிட்டேன். பெங்களூர்ல நீங்க பாக்கற ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ்ல எக்கச்சக்கம் இங்க வளந்ததே இல்ல, ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல கடியம்னு ஒரு ஊரு, ஊரே நர்சரி, அங்கிருந்து லாரியில ராவோட ராவா வருது. லாரியில உருண்டு பிரண்டு வரணும்னா மண்ணு உதிரக் கூடாது, அதனால வேரைச் சுத்தி களிமண்ணை உருண்டையா அப்பி அனுப்பறாங்க. ஏமாத்து வேலை இல்ல, அந்த களிமண் இல்லன்னா செடி வழியிலயே போயிடும்.

இப்ப அதை நீங்க என்ன பண்றீங்க? கவரைக் கிழிச்சு அந்த உருண்டையை அப்படியே கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) எருவும் கலந்த பொலபொல மண்ணுக்குள்ள வைக்கறீங்க. மேல ஊத்தற தண்ணி பொலபொல மண்ணு வழியா ஓடிப் போயிடும், உருண்டை உள்ள செங்கல்லாட்டம் காஞ்சு கிடக்கும். இல்லன்னா உங்கள மாதிரி தினமும் ஊத்தினா உருண்டை சேறாவே நிக்கும், வேர் அழுகும். ரெண்டுலயும் இலை ஒரே மாதிரிதான் வாடும், நீங்க பாத்துட்டு இன்னும் ஒரு சொம்பு ஊத்துவீங்க.

என்ன பண்ணணும்னா, வாங்கிட்டு வந்ததும் ஒரு வாரம் பத்து நாள் அப்படியே கவரோட அரை நிழல்ல விடுங்க. பூவை வெட்டிடுங்க, ஆமா பன்னெண்டையும், வயிறு எரிஞ்சாலும் வெட்டுங்க, பூ இருக்கற வரைக்கும் செடி சரியா வேர் விடாது. அப்புறம் உருண்டையை ஒரு பக்கெட் தண்ணியில அரை மணி நேரம் ஊறப் போட்டு, வெளிப்பக்க களிமண்ணை மட்டும் விரலால கரைச்சு விட்டுட்டு, செம்மண் கலந்த மண்ணுல வைங்க. முழுசா கழுவித் தொலைக்காதீங்க.

வாங்கும்போது இன்னொண்ணு. கடைக்காரர்கிட்ட "ஈ கிட யாவாக பந்து?"ன்னு, அதாவது இந்தச் செடி எப்ப வந்துச்சுன்னு கன்னடத்துல கேளுங்க. நேத்து லாரியில இறங்கின செடியை விட ஒரு மாசம் அந்தக் கடையிலயே நின்ன செடி மேல், பூ கம்மியா இருக்கும், ரெண்டு இலை பழுத்திருக்கும், ஆனா பெங்களூர் தண்ணியைக் குடிச்சுப் பழகியிருக்கும். எங்க சின்ன மாமனார் புதுசா வந்ததை பின்னாடி வரிசையில போட்டுட்டு பழசை முன்னாடி வைப்பார், ஜனங்க அதைத் தாண்டிக் குனிஞ்சு பின்னாடி இருக்கற பூவைத்தான் எடுப்பாங்க, அவரும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு ஒருநாள் விட்டுட்டார். பன்னெண்டு பூவுக்குத்தானே சார் நீங்களும் காசு குடுத்தீங்க?

கேள்வி: ஃப்ளவர் ஷோ போன ஜோர்ல ரோஜா, எலுமிச்சை, மல்லி, செம்பருத்தின்னு 14 செடி, 9,000 ரூபாய். எங்களுது வடக்கு பாத்த பால்கனி, வெயில் வராது. மறுநாளே மூணு வாரம் கோயம்புத்தூர் போயிட்டு வந்தோம், பாதி காலி. ரீஃபண்ட் கேக்கலாமா? (ஒயிட்ஃபீல்ட்)

பதில்: எதுக்கு? நீங்க சொன்ன நாலுமே நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் வெயில் கேக்கற செடி, அதை வெயிலே வராத பால்கனியில வச்சு மூணு வாரம் பட்டினி போட்டுட்டு நர்சரிக்காரர்கிட்ட ரீஃபண்டாம். அவர் உங்ககிட்ட கேக்கணும். மிச்சம் இருக்கற ஏழையாவது மொட்டை மாடி இருக்கற யாருக்காவது குடுத்துடுங்க.

கேள்வி: 10 கிலோ மண்புழு உரம்னு ஒரு மூட்டை. வெயில்ல காயப் போட்டு எடை போட்டேன், 6 கிலோதான் வருது. (ஶ்ரீராமபுரம்)

பதில்: எடை போட்டுப் பாத்தீங்க பாருங்க, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. மண்புழு உரத்துல ஈரம் 15-ல இருந்து 25% வரைக்கும் இருக்கலாம்னு உரக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்லுது, அதனால காஞ்சா குறையறது நியாயம். ஆனா 25%னே வச்சுக்கிட்டாலும் எலும்பா காஞ்ச பிறகு ஏழரை கிலோ நிக்கணும். மிச்சம் ஒன்றரை கிலோ, தண்ணிக்கு நீங்க குடுத்த காசு. மூட்டையில நிகர எடை, எம்ஆர்பி, தயாரிச்சவர் பேரு விலாசம், மாசம் வருஷம் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. வெறும் வெள்ளைச் சாக்குன்னா அடுத்த தடவை வாங்காதீங்க. கடையில ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிங்க, விரல் இடுக்குல தண்ணி வந்தா வச்சுட்டு வந்துடுங்க.

கேள்வி: காத்தை சுத்தம் பண்ற செடின்னு அஞ்சு செடி காம்போ 3,200 ரூபாய், நாசாவே சொல்லியிருக்குன்னு போட்டிருக்கு. வாங்கலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: நாசா 1989-ல சொன்னது காத்துப் புகாம மூடி வச்ச கண்ணாடிப் பொட்டிக்குள்ள பண்ண சோதனை. 2019-ல அந்த மாதிரி சோதனைகளை எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்தவங்க, சாதாரணமா வீட்டுக்குள்ள வந்து போற காத்து பண்ற வேலையை செடி பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு குறைஞ்சது 10 செடி, போனா 1,000 கூட வேணும்னுட்டாங்க. அழகுக்கு வாங்கறதுன்னா பக்கத்து நர்சரியில தனித்தனியா விலை விசாரிங்க. காத்துக்கு ஜன்னல் இருக்கு.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஹொஸ்கோட்டே ரோட்டுல சின்னதா நர்சரி வச்சிருக்கோம் அக்கா. ஆயுத பூஜைக்கு தொட்டியில சாமந்தி விப்போம், வருஷத்துல அந்த ஒரு மாசம்தான் கையில நாலு காசு நிக்கும். ஆடி பொறந்ததும் ஹைப்ரிட் விதை 8 பாக்கெட், 7,600 ரூபாய்க்கு வாங்கி ப்ரோட்ரேயில (நாத்து வளக்கற குழி ட்ரே) போட்டோம். பதினஞ்சு நாளாச்சு, நூத்துக்கு பத்து கூட வரல. கடைக்காரர் "உங்க கோகோபீட் சரியில்ல, தண்ணி ஜாஸ்தி"ங்கறார். அதே கோகோபீட்டுல போட்ட கத்திரி, மிளகா எல்லாம் நல்லா வந்திருக்கு. பாக்கெட்ல தேதி ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா இருக்கு, சுரண்டிப் பாத்தா கீழ வேற தேதி. நாங்களே வியாபாரி, எங்க புகாரை எடுப்பாங்களா?

பதில்: எடுப்பாங்கம்மா. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற எதுவும் ஓடல. ஆடியில போட்டது ஆயுத பூஜைக்குக் காசாகும்னு ஒரு குடும்பமே ட்ரேயைப் பாத்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், சாமந்தின்னா ஒரு வாரத்துல தலை தூக்கணும், தூக்கலன்னா எட்டாவது நாள்ல இருந்து எங்க சின்ன மாமியார் அந்தப் பக்கமே போக மாட்டாங்க.

முதல்ல இந்த வேலையைப் பண்ணுங்க. எட்டு பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீங்க, ஒண்ணைக் கூட. லாட் நம்பர், டெஸ்ட் பண்ண தேதி, முளைப்புத்திறன் சதவீதம் எல்லாம் அதுலதான் இருக்கு. பொதுவா டெஸ்ட் தேதியில இருந்து 9 மாசம்தான் அந்த லேபிளுக்கு ஆயுசு, அதுக்கு மேல விக்கணும்னா திரும்ப டெஸ்ட் பண்ணணும். சுரண்டின பாக்கெட்டை போட்டோ எடுங்க, சுரண்டாத ரெண்டை அப்படியே வச்சிருங்க. ட்ரேயை கத்திரி ட்ரேயோட பக்கத்துல வச்சு, தேதி தெரியற மாதிரி அன்னிக்கு வந்த நியூஸ் பேப்பரும் வச்சு போட்டோ, வீடியோ எடுங்க. அப்புறம் உங்க ஹோப்ளி (தாலுகாவோட உட்பிரிவு) ரைத சம்பர்க்க கேந்திராவுக்கு, அதாவது விவசாயத் துறையோட உதவி மையத்துக்குப் போய் விதை ஆய்வாளர் யாருன்னு கேட்டு, எழுத்துல மனு குடுத்து, நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, நகல்ல சீல் வாங்குங்க.

வியாபாரிங்கற சந்தேகத்துக்கு வர்றேன். வாங்கினதை அப்படியே திருப்பி விக்கறவங்க நுகர்வோர் இல்லன்னு சட்டம் சொல்லுது, அது உண்மை. ஆனா நீங்க விதைப் பாக்கெட்டை விக்கல, விதைச்சு உங்க கையால வளத்து அதுல குடும்பம் நடத்தறீங்க, சொந்தமா உழைச்சுப் பிழைக்கறதுக்கு வாங்கினதுக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு. முளைக்காத விதை விஷயத்துல விவசாயிங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம்னு 2012-ல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லியிருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வாங்கின தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். விதைக் காசோட, இந்த வருஷம் கைவிட்டுப் போன சீசனுக்கும் சேத்துக் கேளுங்க, போன வருஷம் எத்தனை தொட்டி வித்தீங்கன்னு நோட்டுல இருந்தா அதையும் வைங்க.

சீசன் முழுசா போகல. இப்பவே மூணு நாலு வாரத்து நாத்து வளத்து விக்கறவங்ககிட்ட வாங்கி நேரா தொட்டியில வச்சுடுங்க, நுனி கிள்ளாதீங்க, கிள்ளினா செடி புதரா வரும், ஆனா பூ தள்ளிப் போயிடும். பில் வாங்குங்க. உங்க ரோடு பக்கம் வந்தா நான் நாலு தொட்டி எடுத்துக்கறேன், காசு குடுத்துத்தான்.

கேள்வி: மணி பிளான்ட் திருடி வச்சாத்தான் நல்லா வளரும்ங்கறாங்க, உண்மையா? (பேரு போட வேணாம்)

பதில்: போட மாட்டேன், உங்க பக்கத்து வீட்டுக்காரரும் படிக்கறார்.

கேள்வி: ஒட்டு மாங்கன்னு 850 ரூபாய், மூணு வருஷத்துல காய்க்கும்னு கேரண்டி குடுக்கறார். ஒட்டுச் செடிதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? (கே.ஆர்.புரம்)

பதில்: கேரண்டியை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, பாதி பேரு அங்கயே பின்வாங்கிடுவாங்க. மண்ணுல இருந்து ஒரு சாண் உயரத்துல ஒட்டு போட்ட இடம் தெரியணும், லேசா வளைஞ்சிருக்கும், தழும்பு இருக்கும், கீழ் தண்டும் மேல் தண்டும் நிறத்துல, தடிமன்ல கொஞ்சமாவது வித்தியாசப்படும். அதுக்குக் கீழ துளிர் விட்டா கிள்ளிடுங்க. டேப் சுத்தியிருக்கறதைப் பாத்து மட்டும் நம்பாதீங்க. 2015-ல நான் வாங்கின பட்டர் ஃப்ரூட் செடியில அழகா டேப் சுத்தியிருந்துச்சு, 600 ரூபாய், நாலு வருஷத்துல காய்னு சொன்னார். அஞ்சாவது வருஷம் டேப் தண்டை இறுக்குதேன்னு பிளேடால கீறி எடுத்தேன். உள்ள தண்டு வழவழன்னு நேரா போகுது, ஒரு கீறல் கூட இல்ல, கொட்டை போட்டு முளைச்ச செடிக்கு சும்மா டேப்பைச் சுத்தி வித்திருக்கார். மரம் இப்ப ரெண்டு மாடி உயரம், காய் ஒண்ணு கூட இல்ல, துணி காயப்போடற கயிறோட ஒரு முனை அதுலதான் கட்டியிருக்கேன்.