காசாளர் எழுதிய பாட்டு

கேள்வி: என் மகள் அலுவலக வேலைக்கு நடுவே குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறாள். "குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே வங்கியில் கணக்கு எழுதித்தான் பிழைத்தார். இதெல்லாம் ஓர் எழுத்து வாழ்க்கையா?" என்று கேட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் கேட்டதில் என்ன தவறு?
(ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: தகவல் சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. இராயவரத்திலிருந்து சென்னைக்குச் சென்ற வள்ளியப்பா, 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் காசாளராக இருந்தபோது, அங்கே பத்திரிகைப் பணியில் இருந்த தி. ஜ. ர. தூண்டியதால்தான் 'ஆளுக்குப் பாதி' என்ற தம் முதல் கதையை எழுதினார். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியேதான் அவர் எழுத்தாளரானார். 1941 இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தவருக்கு 1982 இல் ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளம் வந்தது. பாட்டு விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நெருக்கடி இல்லை. 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' 1944 இல் வெளிவந்ததும், 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்ததும், 'பூஞ்சோலை' சிறுவர் இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்ததும் அந்தச் சம்பளக் காலத்தில்தான். ஓய்வு பெற்ற பிறகும் சாய்வு நாற்காலியைத் தேடாமல், 'கோகுலம்' இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். (தட்டிலிருக்கும் எட்டு லட்டில் பாதியை விட்டு மீதியை எடுக்கும் கிட்டுவின் பாட்டில், அந்தப் பழைய காசாளரின் கைதான் வேலை செய்கிறதோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.)

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பக்கத்துக் கோவில்பட்டியின் உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக 2023 இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். பச்சைக்கொடி காட்டிய கை என்பதற்காக அதில் பேனா இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எட்டயபுரத்துப் பாரதி பாப்பாவுக்குப் பாடியபோது கையில் எவ்வளவு வைத்திருந்தார் என்பதும் தமிழ் படித்த உங்களுக்குத் தெரியாததன்று.

மகள் வேலையை விட்டுவிடுவாளோ என்பது உங்கள் பயமானால், அது நியாயமான பயம். அதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு வள்ளியப்பாவைச் சாட்சிக்கு இழுத்தது வீண், ஏனெனில் அவர் உங்கள் மகளின் பக்கத்துச் சாட்சி. இன்னொன்று: நீங்கள் அனுப்பிய கடிதம் இரண்டு பக்கம் நீள்கிறது. அதில் மகளின் சம்பளம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, வரன் பார்ப்பதுகூட இருக்கிறது. அவள் எழுதிய கதை எதைப் பற்றியது என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. இன்னும் படிக்கவில்லையா?