கடையை விலை பேசும் முன் ஒரு கையெழுத்து: கேள்வி பதில்

தொழிலை விற்பவர், வாங்க வருபவரிடம் எழுதி வாங்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தம், அதாவது என்டிஏ பற்றி வந்த கேள்விகளுக்குப் பாளையங்கோட்டை வக்கீல் ஒருவரின் பதில்கள்.

கே: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில அப்பா காலத்து அப்பளக் கம்பெனி. மதுரைக்காரர் ஒருத்தர் கேக்காரு. அட்வான்ஸுக்கு முன்னாடியே கணக்கு பாக்கணுமாம். காட்டலாமா?

காட்டாமல் யார் வாங்குவார்? முதலில் கையெழுத்து, அப்புறம் கணக்கு. 'வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க மட்டுமே பயன்படுத்துவேன்' என்ற வரி கட்டாயம் இருக்கணும். அவருடைய ஆடிட்டர், வக்கீல் தவிர யாருக்கும் காட்டக் கூடாது. பேச்சு முறிந்தால் நகலைத் திருப்பித் தரணும், போனில் இருப்பதையும் அழிக்கணும். விற்பனைப் பேச்சு நடப்பதே ரகசியம் என்றும் எழுதுங்கள். அது கசிந்தால் அப்பளம் இட்டுத் தரும் பெண்கள் வேறு கம்பெனி பார்ப்பார்கள், உளுந்து மண்டிக்காரர் பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார்.

முதல் சுற்றில் மொத்த வரவு செலவுக் கணக்கு மட்டும் கொடுங்கள். பில் புத்தகம் வேண்டாம். உங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகளின் பெயர் அதில் பில்வாரியாக இருக்கும். வாடிக்கையாளர் பட்டியல் கேட்டால் 'கடை 1, கடை 2' என்று போடுங்கள். மாவுக் கலவையைப் பாக்கிப் பணம் கைக்கு வந்த அன்றைக்குச் சொன்னால் போதும்.

கே: எங்க ரைஸ் மில்லைக் கேக்குறவரே அம்பாசமுத்திரத்துல இன்னொரு மில் வச்சிருக்காரு. பேரம் படியலைன்னா மூணு வருஷம் இந்தத் தொழிலே பண்ணக் கூடாதுன்னு எழுதலாமா சார்?

எழுதலாம், கோர்ட்டில் நிற்காது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் தடை ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. தொழிலை அதன் நற்பெயரோடு (குட்வில்) சேர்த்து விற்பவர், குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் அதே தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் விலக்கு உண்டு. அதாவது அந்தக் கட்டு விழுவது உங்கள் மேல்! போட்டியாளர் என்பதால் நெல் வாங்கும் விலையை அவர் கண்ணில் காட்டாதீர்கள். அவருடைய ஆடிட்டர் மட்டும் பார்த்துவிட்டு, லாப விகிதத்தை மட்டும் அவரிடம் சொல்லட்டும்.

கே: மீறினா 50 லட்சம்னு போட்டா பயப்படுவாங்கல்லா?

பயப்படலாம். ஆனால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானதைத்தான் கோர்ட் கொடுக்கும். கசியும் என்று தெரிந்ததுமே தடையுத்தரவு கேட்டு ஓடுவதுதான் பலன் தரும்.

கே: புரோக்கரே டீக்கடையில சொல்லிட்டுத் திரியுதாரு.

அவரிடம்தான் முதல் கையெழுத்து வாங்கியிருக்கணும்.

கே: அண்ணே, வாட்ஸப்ல எல்லாத்தையும் ஏற்கெனவே அனுப்பிட்டேன்.

இப்போதாவது எழுதி வாங்குங்கள். 'இதற்கு முன் தந்த விவரங்களுக்கும் பொருந்தும்' என்று ஒரு வரி, அனுப்பிய ஃபைல்களின் பெயர், தேதி எல்லாம் சேரட்டும். அந்த வாட்ஸப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதை, என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.