ஆப்லொவா, அப்லோவா? ஸ்பானிஷ் வினைகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒழுங்கு வினைகளைப் பற்றியவை. அப்லார், கொமேர், பிபீர் மூன்றையும் முதல் பாடத்திலேயே பார்த்திருப்பீர்கள். அதனால் பேசு, சாப்பிடு, வாழ் என்று ஒவ்வொரு தடவையும் பொருள் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு ஏற்பாடு: ஸ்பானிஷ் சொல்லைத் தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் அசைக்கு நெடில் போட்டிருக்கிறேன். ஆப்லொ என்றால் முதல் அசையில் அழுத்தம், அப்லோ என்றால் கடைசியில். சொல்லும்போது நீட்ட வேண்டாம், அழுத்தினால் போதும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் எந்த வினை, எந்த ஆள், எந்தக் காலம் என்று முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். போன தடவையும் இதைச் சொன்னேன்.

ஒரு வினைக்கு மொத்தம் எத்தனை வடிவங்கள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்த பிறகுதான் பேச ஆரம்பிக்க வேண்டுமா?

தனிச்சொல்லாக வருபவை 50 சொச்சம். அபேர் என்ற துணைவினையோடு வரும் கூட்டுக் காலங்களையும் சேர்த்தால் 100-ஐத் தாண்டும். அத்தனையும் மனப்பாடமாகட்டும் என்று காத்திருந்தால் பேசவே மாட்டீர்கள். நிகழ்காலம், இரண்டு இறந்தகாலங்கள், இவை போதும் தொடங்க. எதிர்காலத்துக்கு ஆரம்பத்தில் தனி விகுதிகூடத் தேவையில்லை. 'பேசப் போகிறேன்' என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் 'போ' வினையை வைத்துச் சொல்கிறார்கள்: போய் அ அப்லார். அந்தப் 'போய்' காதில் விழும்போது தமிழ் மாதிரியே இருப்பது தற்செயல்தான், ஆனால் மறக்காது.

ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' (நான்) போட வேண்டுமா? போடாவிட்டால் மரியாதைக் குறைவா?

வேண்டாம். இதில் மரியாதைக்கு என்ன வேலை? 'பேசினேன்' என்றாலே பேசியது நான்தான் என்று தமிழில் தெரிகிறதல்லவா, அதே கதைதான். யோ, யோ என்று வரிக்கு வரி எழுதுவது ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பதால் வரும் பழக்கம். விகுதியே ஆளைக் காட்டாத இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள். அப்லாப என்பது 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்றும் வரும், 'அவர் பேசிக்கொண்டிருந்தார்' என்றும் வரும். யார் என்று முன்வாக்கியத்தில் தெரியாவிட்டால் அங்கே யோவோ, ஏலோ (அவர், ஆண்), எய்யவோ (அவர், பெண்) போடத்தான் வேண்டும்.

மரியாதை என்று எழுதியதால் இன்னொன்று: உஸ்தேத் என்பது 'நீங்கள்'தான், ஆனால் அதற்குப் படர்க்கை விகுதி வரும். உஸ்தேத் ஆப்ல. 'நீ'க்கு வரும் ஆப்லஸ் போட்டால் தவறு.

'சின்ன வயதில் நிறையப் பேசுவேன்' என்பதை எதிர்காலத்தில் எழுதினேன். ஆசிரியர் சிவப்பில் சுழித்துவிட்டார். பேசுவேன் எதிர்காலம்தானே?

தமிழில் வடிவம் எதிர்காலம், பொருள் பழைய வழக்கம். 'அப்போதெல்லாம் பேசுவேன்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஸ்பானிஷ் அதை ஏற்காது. அப்லரே என்றால் இனிமேல் பேசுவேன், அவ்வளவுதான். பழைய வழக்கத்துக்கு இரண்டு இறந்தகாலங்களில் ஒன்றான இம்பெர்ஃபேக்தொ: அப்லாப. தமிழர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழ் விகுதியைப் பார்த்துக் காலத்தை முடிவு செய்யாமல், சொல்லும் விஷயம் எப்போது நடந்தது என்று பார்த்தால் இது வராது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. நீண்ட நாள் நடந்தது என்றால் இம்பெர்ஃபேக்தொ, சட்டென்று முடிந்தது என்றால் மற்ற இறந்தகாலமான இந்தெஃபினீதொ என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். 'லிமாவில் பத்து வருடம் வாழ்ந்தேன்' என்பதற்கு பிபீ என் லீம தியேஸ் ஆஞொஸ் என்றுதான் வரும். பத்து வருடமானாலும் அது ஆரம்பித்து முடிந்த ஒரு கணக்கு. அந்தப் பத்து வருடத்துக்கு நடுவே கதையை நிறுத்தி, 'அப்போது நான் லிமாவில் இருந்தேன், ஒருநாள்...' என்று தொடர்ந்தால் பிபீய. நேரத்தின் நீளத்தை விடுங்கள், கதையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 'நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார்' என்பதில் கொமீய பின்னணி, யமோ நிகழ்ச்சி. யமோவின் கடைசி எழுத்தின் தலையில் அழுத்தக் குறி உண்டு, விடாதீர்கள்.

இம்பெர்ஃபேக்தொவில் ஒழுங்கு மீறும் வினைகள் மொத்தமே மூன்று: ஸேர் (இரு), ஈர் (போ), பேர் (பார்). இவ்வளவு சாதுவான காலம் வேறில்லை.

கைபேசியில் எழுதும்போது எழுத்தின் தலையில் வரும் சின்னக் கோட்டையெல்லாம் போட நேரமில்லை. ஸ்பானிஷ்காரர்களே போடுவதில்லை. புரிந்தால் போதாதா? தேர்வில் ஏன் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்?

சில மாதங்களுக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

நீங்கள் அனுப்பியிருக்கும் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'அவர் மேலாளரிடம் பேசினார்' என்று சொல்ல நினைத்தீர்கள். எழுவாயும் இல்லை, குறியும் இல்லை. படிக்கிறவருக்கு அது அப்லோ ஆகாது, ஆப்லொ. அதாவது, மேலாளரிடம் பேசுவது நீங்கள், அதுவும் இப்போது. ஆள் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. இதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் வேறெதற்குக் குறைப்பார்கள்?

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் தெர்மினார் வினையைப் பாருங்கள். தேர்மினொ என்றால் முடிவு, எல்லை என்ற பெயர்ச்சொல். தெர்மீனொ என்றால் முடிக்கிறேன். தெர்மினோ என்றால் முடித்தார். மூன்றிலும் ஒரே எழுத்துகள், அதே வரிசை. முதலாவதற்கு முதல் உயிரெழுத்தின் (e) மேல் குறி, மூன்றாவதற்கு ஓ எழுத்தின் மேல் குறி, நடுவில் இருப்பதற்குக் குறி இல்லை. 'வேலை முடிந்தது' என்று சொல்ல வந்தவர் குறியை விட்டால் 'நான் முடிக்கிறேன்' என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

அப்புறம் அப்லாரன், அப்லரான். முதலாவது சப்ஜங்டிவின் (விருப்பம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினை வடிவம்) இறந்தகாலம், இரண்டாவது 'பேசுவார்கள்'. எழுத்தில் இவற்றுக்குள்ள வித்தியாசம் அந்தக் கோடு மட்டும்தான். பக்கத்திலேயே ஓர் உயிரெழுத்து மாறி அப்லாரொன், அதாவது 'பேசினார்கள்', காத்துக்கொண்டிருக்கிறது.

விதி ஒன்றும் பெரிய விஷயமில்லை. சொல் உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறி அழுத்தம் விழும் இடத்தில் குறி. கொமீய போன்ற சொற்களில் ஈயும் அகரமும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனி அசையாக நிற்கின்றன என்று காட்டவும் குறி வரும். ஒழுங்கு வினைகளில் எங்கெல்லாம் என்றால்: இந்தெஃபினீதொவில் நான், அவர் இரண்டுக்கும், எதிர்காலத்தில் 'நாம்' தவிர எல்லோருக்கும், ஈய என்று வரும் எல்லா விகுதிக்கும், அப்லாபமொஸ், அப்லாரமொஸ் போன்ற 'நாம்' வடிவங்களுக்கும், ஸ்பெயினின் பொஸோத்ரொஸுக்கு ('நீ'யின் பன்மை) நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும். பெரிய எழுத்தில் எழுதினாலும் குறி போட வேண்டும். பெரிய எழுத்துக்குத் தேவையில்லை என்று உங்களுக்குச் சொன்னவர் யாரானாலும் தவறாகச் சொல்லியிருக்கிறார். அரச ஸ்பானிஷ் அகாதமி இதில் தெளிவாக இருக்கிறது.

ஸ்பானிஷ்காரர்கள் போடுவதில்லை என்கிறீர்கள். அரட்டையில் பலரும் விடுவது உண்மைதான். அவர்கள் அந்தச் சொல்லைக் குழந்தையிலிருந்து காதால் கேட்டவர்கள், கையில் விட்டாலும் வாயில் விடமாட்டார்கள். நமக்கு அப்படியில்லை. எழுத்தில் குறியை விடுகிற மாணவர் பேசும்போதும் அப்லோவை ஆப்லொ என்கிறார், எதிரில் இருப்பவர் 'நீங்களா?' என்று விழிக்கிறார். நேரமில்லை என்ற காரணமும் எடுபடாது. கைபேசியில் அந்த எழுத்தை ஒரு கணம் அழுத்திப் பிடித்தால் குறியோடு வந்து நிற்கும்.

அப்லாமொஸ் நிகழ்காலமா, இறந்தகாலமா?

இரண்டும். வாக்கியத்தை எழுதாமல் சொல்லை மட்டும் அனுப்பினால் நான் எப்படிச் சொல்வது? 'நேற்று' இருந்தால் பேசினோம், 'தினமும்' இருந்தால் பேசுகிறோம். பிபீமொஸும் அப்படித்தான். கொமேர் போல எர் என்று முடியும் வினைகளுக்கு மட்டும் இந்தக் குழப்பமில்லை: கொமேமொஸ் நிகழ்காலம், கொமீமொஸ் இறந்தகாலம்.

ஒரு புத்தகத்தில் இம்பெர்ஃபேக்தொ என்கிறார்கள், மெக்சிகோவில் அச்சான இன்னொன்றில் கொப்ரெத்தேரிதொ என்கிறார்கள். இரண்டு காலமா?

ஒரே காலம், இரண்டு பெயர். அப்லாப இரண்டிலும் அப்லாபதான். கொப்ரெத்தேரிதொ என்ற பெயர் அந்த்ரேஸ் பேயொவின் கைங்கர்யம். காரகாஸில் பிறந்து சிலியில் குடியேறிய அவர் 1847-இல் அமெரிக்க ஸ்பானிஷ்காரர்களுக்கென்று ஓர் இலக்கணம் எழுதினார். இறந்தகால நிகழ்ச்சியோடு கூடவே நடப்பதால் 'கொ'. அப்லரீய வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் பொஸ்ப்ரெத்தேரிதொ, ஏனென்றால் இறந்தகாலத்தில் நின்றுகொண்டு அதற்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறது. நிஜத்தில் ஸ்பெயின் பெயர்களைவிட இவை புத்திசாலித்தனமானவை என்பது என் கட்சி. ஆனால் தேர்வை எந்த நாட்டுக்காரர் நடத்துகிறாரோ அவர் பெயரையே எழுதுங்கள்.

எதிர்காலத்தில் மட்டும் அர், எர், இர் மூன்றுக்கும் ஒரே விகுதி எப்படி?

நல்ல கேள்வி. அங்கே நாம் வெட்டி ஒட்டுவதில்லை, முழு வினைப்பெயரோடு அபேர் வினையின் நிகழ்காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏ, ஆஸ், ஆ என்ற துணைவினையை அப்லார் பின்னால் வைத்துப் பாருங்கள்: அப்லரே, அப்லராஸ், அப்லரா. பேச்சில் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. அடியில் மாற்றம் காண்பவை தெனேர், அஸேர், தெஸீர் போன்ற ஒரு டஜன் வினைகளும் அவற்றிலிருந்து பிறந்தவையும்தான். அவற்றிலும் விகுதி மாறாது.

புஸ்கார் (தேடு), யெகார் (வந்துசேர்) இரண்டையும் ஒழுங்கற்ற வினைப் பட்டியலில் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியா?

தேவையில்லாத சுமை. காதால் கேளுங்கள்: புஸ்கே, யெகே. அப்லே மாதிரியே ஒழுங்காக இருக்கின்றன. ஏகாரத்துக்கு முன்னால் சி எழுத்து வந்தால் ஸகரமாகிவிடும் என்பதால் எழுத்தில் க்யூ, யு போடுகிறார்கள். ஜிக்குப் பின்னால் ஒரு யு சேர்க்கிறார்கள். க்ருஸார் வினையில் இசட் போய் சி வருகிறது. ஒலியைக் காப்பாற்ற எழுத்து மாறுகிறது, வினை ஒழுங்கானதுதான். குறியை மட்டும் மறக்காதீர்கள்.

சப்ஜங்டிவ் எங்கே வரும் என்றே புரியவில்லை. சுருக்கமாகச் சொல்லவும்.

முழுதும் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஒரு மூலையைக் காட்டுகிறேன். 'நான் பேச விரும்புகிறேன்', 'நீ பேச வேண்டுமென்று விரும்புகிறேன்', தமிழில் இரண்டுக்கும் 'பேச' போதும். ஸ்பானிஷில் ஆள் ஒன்றென்றால் கியேரொ அப்லார். ஆள் மாறியதும் கியேரொ கெ ஆப்லெஸ். வடிவம் சுலபம்: அர் வினைக்கு எகரம் வரும், எர், இர் வினைகளுக்கு அகரம் வரும். ஆப்ல ஆப்லெ ஆகும், கோமெ கோம ஆகும். ஆப்லெயில் கடைசி எழுத்துக்குக் குறி போட்டால் அப்லே, 'பேசினேன்'. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

சப்ஜங்டிவின் இறந்தகாலத்துக்கு அப்லார, அப்லாஸெ இரண்டில் எதைப் படிப்பது?

அப்லார. அமெரிக்கக் கண்டத்தில் அதுதான் பேச்சில் புழங்குகிறது, ஸ்பெயினிலும் எடுபடும். அப்லாஸெ வந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

அர்ஜென்டினா நண்பர் ஆப்லஸ் என்பதை அப்லாஸ் என்கிறார். திருத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். 'நீ' என்பதற்கு அவர் 'தூ' சொல்வதில்லை, 'போஸ்' சொல்கிறார். அதற்கு அப்லாஸ், கொமேஸ், பிபீஸ்தான் சரி. உருகுவே, பராகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் இந்த வழக்கம் உண்டு.

எல்லா வினைகளின் எல்லா அட்டவணைகளையும் அனுப்பவும். அவசரம்.

அனுப்ப மாட்டேன். அரச ஸ்பானிஷ் அகாதமியின் இணைய அகராதியில் வினையைத் தேடினால் அட்டவணை அங்கேயே இருக்கிறது, காசு கிடையாது.

எய்ய ஆ அப்லாதொ என்று எழுதினேன். பெண் என்பதால் அப்லாத என்று வர வேண்டாமா?

வேண்டாம். அபேர் துணையாக வந்தால் ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் மாறாது. ஸேர், எஸ்தார் துணையாக வந்தால் மாறும்: லா புவேர்த எஸ்தா ஸெர்ராத, கதவு மூடியிருக்கிறது.