பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அதன் அசல் தன்மை கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சிமெண்டில் பாயிண்டிங் செய்வதுதான், அதாவது செங்கல் இடைவெளிகளைச் சிமெண்டால் பூசி நிரப்புவதுதான், அடிக்கடி நடக்கும் தப்பு. அதுவரை சாந்து வழியாக வெளியேறிக் காய்ந்த ஈரத்துக்கு வழி அடைபட்டுப் போகும். ஈரம் செங்கல் வழியே வரும். கூடவே வரும் உப்பு செங்கல் முகத்துக்குப் பின்னால் படிகமாகி அதை உரித்துத் தள்ளும். சில வருடங்களில் செங்கல் குழிந்து, சிமெண்ட் மட்டும் கூடு மாதிரி துருத்தி நிற்கும். கெட வேண்டியது சாந்துதான், செங்கல் அல்ல.

புதுச் சாந்தின் கலவை விகிதத்துக்குப் பழைய சாந்தையே கேளுங்கள். பிற்காலப் பழுது படாத இடத்தில், ஆழத்திலிருந்து ஒரு கட்டி எடுத்துப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மிஞ்சும் மணலைக் கழுவி, உலர்த்தி, சலித்தால் பருமனும் நிறமும் தெரியும். கிளிஞ்சல் தூள் இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும்; அதனால் முன்பே லென்ஸில் பார்த்துவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3 என்று தொடங்கி, மாதிரி போட்டுப் பார்த்து மாற்றலாம்.

பழைய சாந்தை எடுக்கக் கிரைண்டர் வேண்டாம். விளிம்பு அறுபட்ட செங்கலை ஒன்றும் செய்ய முடியாது. உளியால், இடைவெளியின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழம் எடுத்து, நனைத்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் விரலில் பொடியாக உதிரும்.

உத்திரத்தின் நுனி உளுத்திருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் ஒட்டு போடுங்கள்.

புதுத் துண்டு அதே பொருளில் இருக்கலாம், ஆனால் தன் வயதை மறைக்கக் கூடாது. பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான 1964 வெனிஸ் சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்கிறது. மூக்குடைந்த சிலைக்கு மூக்கு வைப்பது ஊகம்தான், எவ்வளவு அழகாக வந்தாலும்.

செய்த பழுதுபார்ப்பைப் பின்னால் கழற்ற முடிய வேண்டும். ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானில் பழங்காலத்தவர் கற்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகளை ஈயம் வார்த்துப் பொதிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை செய்தவர்கள் வெறும் இரும்பைச் செருகினார்கள். அது துருப்பிடித்து உப்பி, பளிங்கைப் பிளந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டைட்டானியம் போட வேண்டியதாயிற்று. ஆகவே எதை, எங்கே, எதனால் செய்தீர்கள் என்று அளவுகோல் வைத்த படத்தோடு பதிந்து, புதுத் துண்டின் மறைவுப் பக்கத்தில் வருடத்தைச் செதுக்கிவிடுங்கள்.